டேப் ரெக்கார்டர் காலமும் இலவச லேப்டாப் காலமும்

1985 வாக்கில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோவில் கொடை நடக்கிறது, வில்லுப்பாட்டைப் பதிவு செய்யவேண்டும் என்றால் முதலில் மைக் செட்காரரைப் பிடிக்கவேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்து டேப் ரெக்கார்டரில் செருக அவர் சம்மதிக்கவேண்டும். ‘சத்தம் எறங்கிரும்’ என்று அவர் சொல்லிவிட்டால் அத்தோடு சரி. சம்மதித்தாலும் சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் ஓடும். கதை சூடு பிடிக்கிற இடத்தில்தான் அது ‘டக்’கென்று நிற்கும். திருப்பிப் போட்டு பட்டனை அமுக்குவதற்குள் புலவர் நாலு அடி கடந்து போயிருப்பார். அந்த நாலு அடி இன்றுவரை எந்தக் கேசட்டிலும் இல்லை. வளைகுடாவிலிருந்து வந்த நேஷனல் பானாசோனிக் ஒன்று தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் பெரிது. அதை இரவல் வாங்குவதற்குத் தனியாக ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

இன்று அந்த வேலைக்கு வேண்டிய சாமான் எத்தனையோ வீடுகளில் ஏற்கெனவே கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப் அது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன் படித்து, தங்கை படித்து, அதற்குப் பிறகு படம் பார்க்கப் பயன்பட்டு, கடைசியில் பரணுக்குப் போனது. அது கொடுக்கப்பட்டபோது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டம். 2019-லிருந்து தென்காசி மாவட்டம். மாவட்டமே மாறிவிட்டது, லேப்டாப் இன்னும் ஓடுகிறது. புதிதாக வாங்குகிறவர்களும் பெரும்பாலும் செலரான் சிப்பும் 4 ஜிபி ரேமும் உள்ள மலிவு ரகத்தைத்தான் வாங்க முடிகிறது. கரகாட்டத்துக்கு உறுமி அடிக்கிற பையனும், பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவரும், கானாவும் ராப்பும் கலந்து எழுதுகிற கல்லூரி மாணவனும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘இந்த லேப்டாப்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண எந்த சாஃப்ட்வேர் போடலாம்?’

இதற்குக் கிடைக்கும் பதில்களில் பாதிக்கு மேல் வழியைக் கெடுப்பவை. ‘ரஹ்மான் லாஜிக்கில் செய்கிறார்’ என்பார்கள். லாஜிக் என்ற அந்தப் பதிவு மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தை 2002-ல் ஆப்பிள் வாங்கியதோடு அது மேக் கணினிக்கு மட்டும் என்றாகிவிட்டது. பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்னொருவர் பென்டிரைவில் கிராக் செய்த ஒன்றைக் கொண்டுவந்து தருவார். கூடவே வைரஸும் வரும்.

சரியான பதிலுக்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போகலாம். கேசட்டுக்கு முந்தைய காலத்தில் பதிவு என்பதே வேறு ஊரில் நடக்கிற காரியம். கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. ராத்திரி முழுக்கப் பாடுகிற கதைக்கு அதில் ஏது இடம்? நெல்லைச் சீமையின் நாதஸ்வரத்தை ஒரு தலைமுறை முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டது 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டில். எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. அவர் கோவில்களிலும் கல்யாணங்களிலும் மணிக்கணக்காக வாசித்ததில் காற்றோடு போனது எவ்வளவு! திருநெல்வேலி வானொலி வந்தபின் வில்லுப்பாட்டுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது, நிகழ்ச்சி நேரத்துக்குள் கதையைச் சுருக்கிக்கொண்டால். அந்தச் சுருக்கக் கலையில் பெரிய கை சுப்பு ஆறுமுகம். நெல்லைக்காரர், சென்னைக்குப் போய் வில்லை ஊரறியச் செய்தவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த வருடம் மறைந்தார். ஊரோடு இருந்துவிட்ட புலவர்கள் பலருடைய குரல் எங்கும் பதிவாகவில்லை.

கேசட்தான் இதை மாற்றியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கொண்டுவந்த அந்தச் சின்னப் பெட்டி 1980-களில் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது. ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்று போர்டு மாட்டிய கடைகளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அம்மன் பாட்டுக் கேசட் விற்காத தெரு கிடையாது.

கேசட்டில் வில்லுப்பாட்டைப் பதிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. ஒயர் கிடைக்காத இடத்தில் ஒரு மைக், மிஞ்சினால் இரண்டு. பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. குடத்தின் ‘தொம்’ ஒலி மேலெழும்பினால் புலவரின் குரலை மூடிவிடும். ஆகவே மைக் குடத்துக்கு எட்டத்தில் இருக்கவேண்டும். உடுக்கை குத்தலாகக் கேட்கும். அதற்கு நேரெதிரே வைக்கக்கூடாது. வில்லில் கட்டிய மணிகள் தாளம் சொல்பவை. அவற்றை இழக்கவும் கூடாது. பின்பாட்டுக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தால் போதும். எல்லாவற்றையும் தூரத்தாலேயே அளந்து முடித்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார்கள். நான் சொல்லவருவது இதைத்தான்: சக்தி குறைந்த லேப்டாப்பைச் சினிமா ஸ்டூடியோவின் சிறிய பதிப்பாக நினைப்பதால்தான் பலருக்கு எரிச்சல் வருகிறது. அதை நீளமான, திருப்பிப் போடத் தேவையில்லாத ஒரு கேசட் டெக்காக நினைத்து வேலை வாங்கினால் அது குதிரைபோல் ஓடும்.

கேசட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு காலம் வந்து போனது. ரஹ்மான் 1989-ல் தன் வீட்டோடு பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தது, நல்ல பதிவுக்குப் பெரிய நிறுவனத்தின் வாசலில் நிற்கத் தேவையில்லை என்று காட்டியது. 1990-களின் பிற்பாதியில் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே பல டிராக் பதிவு செய்ய முடிந்தது. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-ல் விஎஸ்டி என்ற பிளக்-இன் முறையையும் அடுத்த வருடம் ஆசியோ என்ற ஒலி டிரைவர் முறையையும் தந்தது. டவுன்களில் மாடி அறைகள் ஸ்டூடியோ ஆயின. சுவரெல்லாம் முட்டை அட்டை. (முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது, எதிரொலியைக் கொஞ்சம் உடைக்கும், அவ்வளவுதான். அன்று சொன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.) மணிக்கணக்குக் கட்டணம். பாடகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார்.

இப்போது நம் லேப்டாப்புக்கு வருவோம். பதிவு செய்வது கனமான வேலை என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கின் ஒலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி. எட்டு டிராக் ஒரே நேரத்தில் பதிந்தால் நொடிக்கு 1 எம்பியைச் சற்றே தாண்டும். பழைய சுழல் ஹார்டு டிஸ்க்குக்குக்கூட இது அலட்சியம். ஆறு மைக் வைத்து ஆறு மணி நேரம் வில்லுப்பாட்டைப் பிடித்தால் மொத்தம் 17 ஜிபி வரும். இதில் ஒரு வேடிக்கை: 64 ஜிபி சேமிப்போடு வரும் இன்றைய மலிவு லேப்டாப்பில் விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் இந்த ஒரு ராத்திரி நெருக்கடியாக இருக்கும். பெரிய ஹார்டு டிஸ்க்கோடு வந்த பழைய லேப்டாப்பில் பல ராத்திரிகள் கொள்ளும்.

அப்படியானால் லேப்டாப் திணறுவது எங்கே? இரண்டு இடங்களில். ஒன்று, பதிந்த குரலின் மேல் எக்கோ, ரிவர்ப், ட்யூன் திருத்தம் என்று வரிசையாக ஏற்றும்போது. மெய்நிகர் வாத்தியங்கள், அதாவது நாதஸ்வரமும் தவிலும் ஜிபிக் கணக்கில் சாம்பிளாக வருபவை, இன்னும் மோசம்; 4 ஜிபி ரேமை அவையே விழுங்கிவிடும்.

இரண்டாவது, தாமதம். ஹெட்போனில் தன் குரலையே ஒரு கணம் பிந்திக் கேட்கும்போது பாடுகிறவருக்குத் தாளம் தடுமாறும். லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைக்கும் பஃபர் 1024 என்று இருந்தால் 23 மில்லிசெகண்ட் பிந்தும், போக வரச் சேர்த்தால் இன்னும் கூடும். 128 என்று குறைத்தால் 3 மில்லிசெகண்டுக்குள் வரும், ஆனால் பலமில்லாத சிப் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் பதிவில் ‘பட் பட்’ என்று பொரியும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ‘சாஃப்ட்வேர் சரியில்லை’ என்று ஒன்றை அழித்து இன்னொன்றைப் போடுகிறவர்கள் ஏராளம். குற்றம் சாஃப்ட்வேர் மேல் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டால் குரல் லேப்டாப்புக்குள் போய்வராமல் நேராக ஹெட்போனுக்கு வரும். அதற்குப் பிறகு பஃபர் 1024-லேயே கிடக்கட்டும். பதிந்ததைச் சரியான இடத்தில் நகர்த்தி வைப்பதை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.

இனி தேர்வு. ஒரே குரல், அல்லது ஒரே ஸ்டீரியோ ஒயர், ராத்திரி முழுக்க ஓடவேண்டும் என்றால் ஆடாசிட்டி போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ராஜர் டானன்பெர்க்கும் உருவாக்கி 2000-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. எஃபெக்டைப் போட்டால் அதை ஒலிக்கோப்பிலேயே எழுதிவிடுவதுதான் இதன் பழைய வழக்கம். பாட்டு ஓடும்போதே எஃபெக்டை மாற்றும் வசதி 2022-ல்தான் சேர்ந்தது. அந்தப் பழைய வழக்கத்தைக் குறையாகச் சொல்வார்கள். பலமில்லாத லேப்டாப்புக்கு அதுவே வரம்: ஒருமுறை எழுதி முடித்தால் அடுத்தமுறை கேட்கும்போது சிப்புக்கு வேலை இல்லை.

பல டிராக், தனித்தனி மைக், பிறகு உட்கார்ந்து கலக்கவேண்டும் என்றால் என் ஓட்டு ரீப்பருக்கு. இதை எழுதியவர் ஜஸ்டின் ஃப்ராங்கல். பிரவுசிங் சென்டர் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பாட்டு ஓடிய வினாம்ப்பை எழுதியவரும் இவரே. ரீப்பர் 2006-லிருந்து வளர்ந்துவருகிறது. பெரிய மென்பொருள்கள் ஜிபிக் கணக்கில் இறங்கும்போது, சாம்பிள் மூட்டை எதையும் சுமக்காத இது மிகச் சிறிய கோப்பாக இறங்கும். பழைய விண்டோஸ் 7-லும் ஓடும், 32 பிட் பதிப்பும் உண்டு, லினக்ஸுக்கும் உண்டு. கூடவே வரும் ஈக்யூவும் கம்ப்ரஸரும் பார்வைக்கு எளிமை, சிப்புக்கு லேசு. வேலை முடிந்த டிராக்கை உறையவைத்துவிட்டால் அதன் எஃபெக்டுகள் சிப்பைத் தொடாது. 60 நாள் சோதனைக் காலம் முடிந்தாலும் கதவைச் சாத்துவதில்லை, ஒரு நினைவூட்டல் மட்டும் வரும். தனிநபர் உரிமம் 60 டாலர். கச்சேரிப் பணம் கையில் வரும்போது கட்டிவிடுவது மரியாதை.

குறையும் உண்டு. முதல் தடவை திறந்தால் ஒன்றும் புரியாது, மெனுவுக்குள் மெனு. கொஞ்சம் பொறுமை வேண்டும், அல்லது தெரிந்த பையன் ஒருவனுக்கு டீ வாங்கிக்கொடுக்க வேண்டும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. எஃப்எல் ஸ்டூடியோ தாளம் கட்டுவதற்குப் பிரமாதம், ஆனால் அதன் மலிவுப் பதிப்பில் மைக் பதிவு கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் எல்எம்எம்எஸும் தாளக் கட்டுமானத்துக்குத்தான்; குரல் பதிவுக்கு அதை நம்பக்கூடாது. கேக்வாக் 2018-ல் பேண்ட்லேப் நிறுவனத்தின் கைக்கு வந்து இலவசமானது, வசதியும் நிறைய, ஆனால் 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் ஆர்டர் (Ardour) என்ற மென்பொருள் நல்ல தேர்வு. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய சிப்புகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எனவே பரண் லேப்டாப்புக்கு லினக்ஸ் வெறும் ஆசைக்கான விஷயமில்லை, பாதுகாப்பாக நெட்டில் இணையவேண்டுமென்றால் அதுதான் வழி. நெட்டே வேண்டாம், பதிவு மட்டும் போதும் என்றால் உள்ளதே போதும். சொல்லப்போனால் பதியும்போது வைஃபையை அணைப்பது எந்த லேப்டாப்புக்கும் நல்லது. ‘பட் பட்’ பாதி குறையும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் ஊரின் பெரிய பிரச்சினையைச் சொல்லாமல் விட முடியாது: தறிச் சத்தம். விசைத்தறி ஓடும் தெருவில் பகலில் ‘தடக் தடக்’ நிற்காது. மலிவு விலையில் கிடைக்கும் கண்டன்சர் மைக் வாங்கி வீட்டில் வைத்தால் முதலில் பதிவாவது தறிதான், அடுத்து மின்விசிறி, அதற்கப்புறம்தான் பாட்டு. மேடையில் மைக் செட்காரர் வைக்கிற டைனமிக் மைக்தான் இங்கே ஏற்றது. வாயருகே வைத்துப் பாடினால் சுற்றுச்சத்தம் பின்வாங்கும். அந்தக் காலத்தில் ஒயர் தரமாட்டேன் என்ற மைக் செட்காரரிடமே இப்போது பழைய மைக் ஒன்றை மலிவாகக் கேட்டு வாங்கலாம். எல்லோருக்கும் புரியாத இன்னொன்று, பதிவின் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓடும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். எர்த் சரியில்லாத பிளக்கில் சார்ஜர் இருந்தால் அது வரும். சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் போய்விடும். ஆனால் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பவர் அமைப்பில் அதைத் தடுத்துவைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் விசிறியையும் நிறுத்திவிட்டால் சிப்பும் சுணங்கும், பாடகரும் சுணங்குவார். ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்வது இரண்டு பேருக்கும் நல்லது.

அன்றைக்கும் இன்றைக்கும் லாப நட்டக் கணக்கு பார்த்தால் லாபம்தான் அதிகம், அதில் சந்தேகமில்லை. நட்டம் வேறு இடத்தில். கேசட் காலப் பதிவில் புலவர் இருமியது, ஆள் எழுந்து போனது, கூட்டத்தில் குழந்தை அழுதது எல்லாம் இருக்கும். கேட்கும்போது கொடை நடந்த இடம் கண்ணில் வரும். இன்று வருகிற பல நாட்டுப்புறப் பாட்டுகளில் உறுமி கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது, குரல் ட்யூன் திருத்தத்தில் மழுங்கி வருகிறது. உறுமி அடிக்கத் தெரிந்த ஆள் அடுத்த தெருவில் இருக்கும்போது சாம்பிள் எதற்கு? பலமில்லாத லேப்டாப் இந்த விஷயத்தில் நமக்கு நல்லதே செய்கிறது: சாம்பிளை ஏற்ற அதற்குத் தெம்பில்லை, ஆளைக் கூப்பிடத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த லேப்டாப்புக்குத் தரவேண்டிய முதல் வேலை புதிய பாட்டுகூட இல்லை, வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டுகள். நாடாவில் பூஞ்சை ஏறுகிறது, ஓட்டுவதற்கு டெக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பெல்ட் தொய்ந்திருக்கிறது. ஓடுகிற டெக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, அதன் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்புங்கள். ஜால்ரா கூர்மையாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். டெக்கின் லைன் அவுட்டை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் செருகாதீர்கள், ஒலி உடைந்துவிடும். லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டும். ஆடாசிட்டியில் மீட்டர் சிவப்பைத் தொடாமல் வைத்து 16 பிட் ஸ்டீரியோவில் பதிந்தால் ஒரு சி-90 கேசட் 1 ஜிபிக்குள் அடங்கும், ஃபிளாக் கோப்பாக்கினால் ஏறக்குறைய பாதி. கோப்பின் பெயரில் புலவர் பெயர், ஊர், வருடம், கதையின் பெயர் நான்கையும் எழுதுங்கள்; தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். புலவரின் குடும்பம் இருந்தால் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள், யூடியூபில் போடுவதென்றால் அவர்கள் சம்மதத்தோடு போடுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது. அரிய கதை கையில் இருந்தால் அங்கேயும் தெரிவியுங்கள். பதிவு இரண்டு வேறு இடங்களில் இருக்கட்டும், ஒன்று கண்டிப்பாக அந்த லேப்டாப்புக்கு வெளியே.